குருவிக்கரட்டின் அடி

மூன்று சென்டிமீட்டர் குறைவாக இருந்ததால் குருவிக்கரடு இனி குன்று இல்லை என்று வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு இயந்திரம் முடிவு செய்தது.

சட்டம் ஒரே வரிதான். முப்பது மீட்டர் இறக்கம் இருந்தால் அது குன்று, யாரும் தொடக்கூடாது. ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் அது மேடு. மேட்டை ஏலம் விடலாம், வெடி வைக்கலாம், ஜல்லியாக்கி லாரியில் ஏற்றலாம். வருஷத்துக்கு ஒருமுறை ஆளில்லா விமானம் மாவட்டம் முழுவதும் பறந்து, லேசர் ஒளியைக் கீழே அடித்து, ஒவ்வொரு கரட்டையும் அளந்துவிட்டுப் போகும்; குன்றா மேடா என்று பதிவேட்டின் இயந்திரம் தானே தீர்மானிக்கும். குருவிக்கரடு போன வருஷம் 30.41. இந்த வருஷம் 29.97. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் கள அலுவலர் யாரும் மறுக்காவிட்டால் ஏல அறிவிப்பு தானாகவே வெளியாகிவிடும்.

அந்தக் கள அலுவலர் பகவதி. வயது நாற்பத்து நான்கு. தென்காசிப் பக்கத்துக்காரி, கரூரில் வேலைக்கு வந்து ஒன்பது வருஷம். சனிக்கிழமை காலை குருவிக்கரட்டின் அடிவாரத்து ஊரில் காரை நிறுத்தி டீ கேட்டாள்.

"பால் தீந்துருச்சுங்க" என்றார் கடைக்காரர். அவருக்குப் பின்னால் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

கருப்பு டீ போதும் என்றாள். டீத்தூளும் தீர்ந்துவிட்டதாம். அவள் திரும்பிக் காருக்கு வந்தபோது இரண்டு முன்சக்கரங்களிலும் காற்று இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. இந்தப் பக்கத்து மனிதர்கள் வைவதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் வைவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அன்று அந்த வசவும் கிடைக்கவில்லை.

ஐம்பது வயது மதிக்கத்தக்க, கன்னம் ஒட்டிய ஒருவர் எழுந்து வந்தார்.

"பெரியகரட்டுக்குக் கையெழுத்துப் போட்ட பகவதி நீங்கதானுங்களா?"

"ஆமா."

"நான் சென்னியப்பனுங்க. பூவாத்தா ஊட்டுக்காரன்."

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் இங்கிருந்து ஒரு கிலோமீட்டர் கிழக்கே இருந்த பெரியகரட்டை மேடு என்று உறுதி செய்து கையெழுத்துப் போட்டவள் அவள்தான். ஏழாவது மாதம் அங்கே வைத்த வெடியில் தெறித்த கல் ஒன்று, ஆட்டுப்பட்டியில் குனிந்து நின்ற ஒரு பெண்ணின் மேல் விழுந்தது. செய்தித்தாளில் ஐந்து வரி வந்தது. ஐந்து வரியில் பெயரும் இருந்தது. அதற்குப் பிறகு சென்னியப்பன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு இந்த ஊரில் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார்.

"வாங்க, ஏறலாம்" என்றார் அவர்.

"நீங்க வர வேண்டியதில்ல. எனக்கு வழி தெரியும்."

"ஊருல பேசி முடிவு பண்ணியாச்சுங்க. தனியா உட்டா நீங்க எதையாச்சும் அளந்துருவீங்க."

பொடிக்கல் நிறைந்த தடத்தில் அவர் முன்னால் நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உச்சிப்பாறையில் பகவதி கருவியைப் பொருத்தி அரைமணி நேரம் வைத்தாள். கடல்மட்டத்திலிருந்து 261.38 மீட்டர். போன வருஷமும் அதேதான்.

"உச்சி குறையல" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

"அப்பறம் எதுங்க கொறஞ்சுது?"

சொல்லலாமா என்று யோசித்தாள். பிறகு சொன்னாள். "ஒரு கரட்டோட உயரத்தத் தரையிலேர்ந்து அளக்கறதில்ல. இங்கேர்ந்து இதைவிடப் பெரிய கரட்டுக்கு நடந்து போகணும்னா எவ்வளவு இறங்கி ஏறணும்? அந்த இறக்கம்தான் கணக்கு. கிழக்க பாருங்க, பெரியகரட்டுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு கணவாய் இருக்குல்ல? உச்சிலேர்ந்து அந்தக் கணவாய் வரைக்கும் முப்பது மீட்டர் இருக்கணும்."

சென்னியப்பன் கிழக்கே பார்த்தார். பெரியகரடு இருந்த இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. அதன் கீழே கணவாய் பச்சையாக, புல் மூடிக் கிடந்தது.

"அப்ப உச்சி எறங்கல. கணவாய் ஏறியிருக்குதுங்களா?"

பகவதி கணவாயை நோக்கி இறங்க ஆரம்பித்தாள். அவரோ ஒரே நிமிஷத்தில் விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

கணவாயில் அவர் கொண்டுவந்திருந்த கடப்பாரையை வாங்கி அவளே குத்தினாள். மேலே ஒரு சாண் செம்மண். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் மாவுபோலக் கிரஷர் தூசி. அதற்கும் கீழேதான் பழைய தரை, வேரோடும் சரளைக் கற்களோடும் இருந்தது. அளவுகோலை இறக்கினாள். நாற்பத்து நான்கு சென்டிமீட்டர். யாரோ லாரி லாரியாகத் தூசி கொட்டி, மேலே மண் பரப்பி, புல் விதைத்துத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார்கள். மலையில் ஒரு கல்லைக்கூடத் தொடாமல் மலையைக் குட்டையாக்கிவிட்டார்கள்.

அவள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கீழே ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் நடேசன். கிரஷர் கம்பெனியின் மேற்பார்வையாளர். வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாத மனிதர்.

"மேடம், வெயில்ல எதுக்குச் சிரமம்?" என்றார். சென்னியப்பனை அவர் பார்க்கவே இல்லை. "ஒரு நிமிஷம் தனியாப் பேசலாங்களா?"

பத்தடி தள்ளிப் போனார்கள்.

"இந்தக் குழியப் பத்தி எழுதுவீங்களா?"

"எழுதாம?"

"எழுதுங்க. ஆனா இங்க மண்ணு கொட்டியிருக்குன்னு எழுதினா, அடுத்தாப்புல பெரியகரட்டுலயும் பாத்தியான்னு கேப்பாங்க." குரலில் கொஞ்சமும் காரம் இல்லை. "மே மாசம். நாப்பத்திமூணு டிகிரி. உச்சியில கருவிய வெச்சுட்டு நீங்க வண்டியில போயி ஏசி போட்டு உக்காந்துட்டீங்க. அதுக்குக் கிழக்கால இருக்கற கணவாய்க்கு நடக்கல. நான் கீழ மரத்தடியிலிருந்து பாத்துட்டுத்தான இருந்தேன். அங்க அறுவது சென்டிமீட்டர் மேடம். இதவிடச் சுலபமாத் தெரிஞ்சிருக்கும்."

ஜீப் போன பிறகும் பகவதி அதே இடத்தில் நின்றாள். அந்த மே மாதம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மாதத்துக்கு நாற்பது கரடு என்று இலக்கு. அன்று அது மூன்றாவது. விமானம் சொன்ன கணவாய் மட்டத்தையே படிவத்தில் எழுதி, 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் குறி போட்டாள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். மற்றவர்கள் போட்ட குறியில் யாரும் சாகவில்லை.

"என்னுங்க சொல்றான்?" என்றார் சென்னியப்பன்.

"ஒண்ணுமில்ல."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் அறைக்குள் வரைபடத்தோடு உட்கார்ந்திருந்தாள். குருவிக்கரட்டைக் கைவிட அவளுக்கு மனம் வரவில்லை. தன்னைக் கைவிடவும் வரவில்லை. மாலையில் வேறொரு வழி கண்ணில் பட்டது.

கணவாய்களின் பட்டியல் சட்டம் வந்த முதல் வருஷம் போட்டது. அப்போது பெரியகரடு இருந்தது. குருவிக்கரட்டிலிருந்து பெரியகரடு, பெரியகரட்டிலிருந்து அதற்கும் கிழக்கே இருக்கும் மலைத்தொடர் என்று படிக்கட்டுபோல இணைப்பு இருந்தது. இப்போது பெரியகரடு பள்ளமாகிவிட்டது. படிக்கட்டில் நடுப்படியே இல்லை. குருவிக்கரட்டிலிருந்து அதைவிட உயரமான இடத்துக்குப் போக வேண்டுமானால் இனி ஊரையும் தாண்டி, ஏரிக்கரை வரைக்கும் இறங்கித்தான் ஏற வேண்டும். அங்கே மட்டம் 209. ஆகவே குருவிக்கரட்டின் இறக்கம் முப்பது அல்ல, ஐம்பத்திரண்டு. கணவாயில் தூசி கொட்டியதைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. கணவாயையே மாற்றிவிட்டால் போதும்.

அதை மறுப்பாக எழுதி அனுப்பினாள். இயந்திரம் பதினெட்டு நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டது. குருவிக்கரடு: குன்று. இறக்கம் 52.3.

திங்கட்கிழமை ஊருக்குப் போய்ச் சொன்னாள். யாரும் நன்றி சொல்லவில்லை. அதை அவள் எதிர்பார்க்கவும் இல்லை. சென்னியப்பன் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"கணவாயில தோண்டுன குழியப் பத்தி எழுதுனீங்களா?"

"அது தேவைப்படல."

அவர் "தேவைப்படலீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

இருபத்திரண்டு நாள் கழித்து ஊரில் நூற்றுப் பதினெட்டு வீடுகளுக்கும் நோட்டீஸ் வந்தது. ஒவ்வொருவருடைய போனுக்கும் ஒரே நேரத்தில், காலை ஏழு மணிக்கு. 'தங்கள் குடியிருப்பு குருவிக்கரடு குன்றின் பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் அமைந்துள்ளது. தொண்ணூறு நாட்களுக்குள் காலி செய்யவும்.'

பகவதி அலுவலகத்தில் வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். குன்றின் அடி எது என்பதற்கும் சட்டத்தில் ஒரு வரி இருந்தது: கணவாய் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதுவே குன்றின் அடி, அதற்கு மேலே உள்ளதெல்லாம் குன்று. பழைய கணவாய் 231-இல் இருந்தவரைக்கும் ஊர் குன்றுக்கு வெளியே, கீழே இருந்தது. கணவாய் 209-க்கு இறங்கியதும் குன்றின் அடியும் அதோடு இறங்கிவிட்டது. குன்றைக் காட்டும் பச்சை நிறம் சரிவில் வழிந்து பள்ளிக்கூடம், டீக்கடை, மாரியம்மன் கோயில் எல்லாவற்றையும் மூடி ஏரிக்கரையில் போய் நின்றிருந்தது.

அவளுடைய மேலதிகாரி ஞானதீபன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"திரும்ப எடுக்க முடியாதா சார்?"

"எதைத் திரும்ப எடுப்பீங்க? நீங்க சொன்னது சரிதானே. பெரியகரடு இல்ல. இணைப்பு இல்ல. கணக்குப்படி ஊர் மலைமேலதான் இருக்கு."

"பெரியகரட்ட உடைச்சதே தப்பான அளவால்னு ஆயிட்டா?"

ஞானதீபன் பேனாவைக் கீழே வைத்தார். "பதினாலாவது பிரிவு. மோசடி அளவால உடைச்ச குன்று, பதிவேட்டுல உடைக்காத மாதிரியே இருக்கும். உடைச்சவன் அதனால லாபம் பாக்கக்கூடாதுன்னு போட்டது. பெரியகரடு பதிவேட்டுக்குத் திரும்பி வரும், பழைய கணவாயும் வரும், ஊர் வெளிய வந்துடும். ஆனா அந்தத் தப்பான அளவுக்குக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"ஒரு பொம்பள செத்திருக்கா பகவதி. கேஸ் உங்க தலையில விழும். நான் உங்களத் தெரியாதுன்னு சொல்லுவேன், இப்பவே சொல்லிட்டேன். ஊர்க்காரங்களுக்கு வேற இடம் குடுப்பாங்க. உங்களுக்கு வேற ஜென்மம் குடுக்க மாட்டாங்க."

மறுநாள் காலை அவள் ஊருக்குப் போனபோது காரை எல்லையிலேயே மறித்தார்கள். முப்பது நாற்பது பேர். ஒரு பெண் முன்கண்ணாடியில் கையால் ஓங்கி அடித்தாள். "ஒடச்சாலும் நாங்கதான் போவோணும், ஒடைக்காட்டியும் நாங்கதான் போவோணுமா? என்னுங்க உங்க கணக்கு?" யாரோ எறிந்த மண்கட்டி கதவில் பட்டு உதிர்ந்தது. பகவதி இறங்கினாள். சென்னியப்பனைப் பார்க்க வேண்டும் என்றாள்.

அவர் கூட்டத்தில் இல்லை. தம்பி வீட்டுக்குப் பின்னால் பட்டியில் ஆட்டுக்குக் கொழைத் தழை கட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் பின்னாலேயே வந்து வேலிக்கு அப்பால் நின்றது.

"பெரியகரட்டுக்கும் கணவாயில மண்ணு கொட்டித்தான் இருந்தது" என்றாள் பகவதி. "அறுபது சென்டிமீட்டர். நான் கணவாய்க்குப் போகல. போனதா எழுதிட்டேன். போயிருந்தா அது மேடுன்னு ஆகியிருக்காது. நடேசன் அன்னிக்கு எங்கிட்ட இதத்தான் சொன்னான். அதுக்குப் பயந்துதான் உங்க குழியப் பத்தி நான் எழுதல. வேற வழியாப் போனேன். அந்த வழியிலதான் உங்க ஊர் மாட்டிக்கிச்சு."

சென்னியப்பன் கையிலிருந்த கொழையை ஆடு இழுத்துக்கொண்டு போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"போயிப் பாத்திருந்தா எவ்வளவு நேரம் ஆயிருக்குமுங்க?"

"எங்க?"

"பெரியகரட்டுக் கணவாய்க்கு. வண்டியிலிருந்து எறங்கி நடந்து போயிருந்தா."

"இருபது நிமிஷம்."

"இருவது நிமிசம்" என்றார் அவர். வேலிக்கு அப்பால் இருந்த சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. சென்னியப்பன் மூலையில் சாத்தியிருந்த அரிவாளை எடுத்தார். பகவதி அசையவில்லை. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு கொழை கட்டியிருந்த கயிற்றை ஒரே வெட்டாக வெட்டி, மீதித் தழையை ஆடுகளுக்கு முன்னால் தள்ளினார்.

"எழுதுங்க" என்றார். "ஆபீசுக்குப் போயி எழுத வேண்டாம். இங்க உக்காந்து, என்ற கண்ணு முன்னால எழுதுங்க."

பட்டியின் கல்லில் உட்கார்ந்து எழுதினாள். இரண்டு பக்கம் வந்தது. கணவாய்க் குழியின் படங்களைச் சேர்த்தாள். பெரியகரட்டின் பழைய படிவத்தை எடுத்து, தான் போட்ட குறி பொய் என்று எழுதி, கீழே மறுபடி கையெழுத்துப் போட்டாள். அனுப்புவதற்கு முன் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தாள். 'ஒரு பெண் உயிரிழந்தார்' என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"பேரு இருக்குதுங்க அவளுக்கு."

பெயரைச் சேர்த்து அனுப்பினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அன்று மாலையே அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அடுத்த வாரம் போலீஸ் வந்தது. நடேசன் என்ற பெயரில் தங்களிடம் யாரும் வேலை பார்க்கவே இல்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டு, இயந்திரங்களைப் பக்கத்துத் தாலுகாவுக்கு ஏற்றிக்கொண்டு போனது. ஊர்க்காரர்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கணவாய்க்கு ஏறி, ஐந்து நாளில் தூசி முழுவதையும் வாரி எடுத்தார்கள். விமானம் மறுபடி பறந்தது. இறக்கம் 30.40. நூற்றுப் பதினெட்டு நோட்டீசும் ஒரே காலையில் ரத்தாயின.

ஐந்து மாதம் கழித்துக் கரூரில் விசாரணை. சென்னியப்பன் சாட்சி. விசாரணை அதிகாரி திரையில் வரைபடத்தைக் காட்டி, சம்பவம் நடந்த இடத்தை அடையாளம் காட்டச் சொன்னார். சென்னியப்பன் எழுந்து போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இங்க மலை இருக்குதுங்களே."

"பதிவேட்டுல திரும்ப வந்துடுச்சு. பெரியகரடு, 284 மீட்டர். சட்டப்படி அது குன்று."

"அங்க அறுவது அடி ஆழத்துக்குத் தண்ணி நிக்குதுங்க."

"சட்டப்படி குன்றுன்னுதான் சொன்னேன். இடத்தக் காட்டுங்க."

பச்சை நிறத்தின் அடியில் ஓரிடத்தில் விரல் வைத்தார். கல் எந்தப் பக்கமிருந்து வந்தது, அவள் எப்படி விழுந்தாள், எல்லாவற்றையும் குரல் உயராமல் சொன்னார். கடைசியில் அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டதைக் கருத்தில் கொண்டு அவரைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்.

"மன்னிச்சுட்டன்னு எழுதிக்காதீங்க" என்றார் சென்னியப்பன். "நடந்தத எழுதிக்குங்க."

வெளியே வேப்பமரத்தடியில் பகவதி வக்கீலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். சென்னியப்பன் அவளைக் கடந்து நாலடி போய்விட்டு, திரும்பி வந்தார். பட்டியில் பேசியதற்குப் பிறகு அவர் அவளிடம் பேசுவது இதுதான் முதல் தடவை.

"போன மாசம் அந்தத் தண்ணியில ரண்டு ஆடு உழுந்துருச்சுங்க. போன வாரம் எங்கூர்ப் புள்ள ஒண்ணு கரையில வழுக்கி, ஆராரோ எட்டிப் புடிச்சாங்க. வேலி போட்டுக் குடுங்கன்னு மனுப் போட்டோம்." போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "இது என்னன்னு படிச்சுச் சொல்லுங்க. பதில் வந்துருக்குது."

பகவதி படித்தாள். இயந்திரம் அனுப்பிய பதில்தான், இரண்டே வரி. 'விண்ணப்பிக்கப்பட்ட இடம் பெரியகரடு குன்றின் உச்சி. குன்றின் உச்சியில் எந்தக் கட்டுமானத்துக்கும் அனுமதி இல்லை.'

மறுபடியும் ஒருமுறை, அவருக்குக் கேட்கும்படி படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மறுப்பு எழுத முடியுங்களா?"

"கள அலுவலர் எழுதலாம். நான் இப்ப அலுவலர் இல்ல."

"தெரியுமுங்க." அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வெசாழக்கெழம கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கறம். அனுமதி இல்லாமத்தான். கேஸுப் போட்டா ஊரே போயி நிக்கும்."

"நானும் வரவா?"

அரவக்குறிச்சி பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் அதைப் பிடிக்க ஓடி, படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் பார்த்து நின்றார்.

வியாழக்கிழமை காலை பகவதி ஊர் எல்லையில் காரை நிறுத்தியபோது யாரும் மறிக்கவில்லை. யாரும் வாருங்கள் என்றும் சொல்லவில்லை. மலை இருந்த இடத்துக்குக் கல்லுக்கால்களைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு கல்லுக்காலின் ஒரு முனையை ஒருவர் பிடித்திருந்தார், மறுமுனை தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அவள் போய் அந்த முனையைத் தூக்கினாள்.